தேவனால் கூடாதவையும் உண்டு: சர்வவல்லமையைச் சரியாகப் புரிந்துகொள்ள

அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். அன்பு, பரிசுத்தம், நீதி, ஞானம் என்று தேவனுடைய குணங்களாக நாம் அடுக்குகிற எதுவும் அதில் பெயர் சொல்லி வராது. அவருடைய குணங்களில் அங்கே இடம் பிடித்திருப்பது ஒன்றே ஒன்று: "சர்வ வல்லமையுள்ள." 1992-இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 268-ஆம் பத்தியில் இதைத் தனியாகக் குறிப்பிடுகிறது. சபைப் பிரிவுகளுக்குள் எத்தனை சண்டை இருந்தாலும் இந்தச் சொல்லில் எல்லோரும் ஒன்றாக நிற்கிறார்கள்.

ஆனால் அந்தச் சொல் அங்கே தனியாக நிற்கவில்லை. "சர்வ வல்லமையுள்ள பிதா" என்றுதான் அறிக்கை செய்கிறோம். சீர்திருத்த சபைகளின் போதனை நூலான 1563-ஆம் ஆண்டின் ஹைடல்பர்க் வினாவிடை, 26-ஆம் கேள்விக்கான விடையில், இந்த இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்கிறது. சர்வவல்லவராக இருப்பதால் அவரால் செய்ய முடியும்; உண்மையுள்ள பிதாவாக இருப்பதால் செய்ய அவருக்கு மனதும் உண்டு. "முடியும்" என்பதை மட்டும் உருவி எடுத்து, பிதாவை ஓரமாக வைத்துவிட்டுப் பேசும்போதுதான் பெரும்பாலான குழப்பங்கள் பிறக்கின்றன.

குழப்பத்தின் வேர் ஒரு தவறான வரையறை. "என்ன சொன்னாலும் செய்ய முடிகிறவர் சர்வவல்லவர்" என்று எடுத்துக்கொள்கிறோம். அப்படியானால் தேவன் பொய் சொல்ல முடியுமா? தன்னைத்தானே அழித்துக்கொள்ள முடியுமா? முடியாது என்றால் சர்வவல்லவர் இல்லையே என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் இதைப் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைக்கலாம். ஆனால் வேதாகமம் கொஞ்சமும் கூச்சமில்லாமல் "தேவனால் ஆகாதவை" என்று சிலவற்றைத் தானே எழுதி வைத்திருக்கிறது. தீத்து 1:2 அவரைப் "பொய்யுரையாத தேவன்" என்கிறது. எண்ணாகமம் 23:19, பொய் சொல்ல அவர் மனிதன் அல்ல என்கிறது. யாக்கோபு 1:13-இன்படி தேவன் "பொல்லாங்கினால் சோதிக்கப்படுகிறவரல்ல." ஏசாயா 40:28-இல் அவர் சோர்ந்துபோவதில்லை, இளைப்படைவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக 2 தீமோத்தேயு 2:13: "அவர் தம்மைத் தாம் மறுதலிக்கமாட்டார்."

இந்தக் கடைசி வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஆதிச் சபைக் காலத்திலேயே வாதம் நடந்திருக்கிறது. பவுலின் பிரசங்கத்தால் விசுவாசித்த டயோனீசியஸின் (தியொனீசியு) பெயரில் வழங்கும் பழைய நூல் ஒன்று, அப்போஸ்தலர் 13-இல் வரும் மந்திரவாதி எலிமாவின் வாயில் இந்தக் கேள்வியை வைக்கிறது: தன்னை மறுதலிக்க முடியாதவர் எப்படிச் சர்வவல்லவர்? அங்கே தரப்படும் பதில் சுருக்கமானது. தன்னை மறுதலிப்பது என்றால் சத்தியத்திலிருந்து விழுவது. விழ முடியாமை எப்படிக் குறையாகும்? ஆதிச் சபையின் ஆசிரியர் அகுஸ்தீனும் இதையே வேறு பக்கத்திலிருந்து சொன்னார். தேவன் சாக முடியாது, தவறு செய்ய முடியாது என்று சொல்லும்போது அவருடைய வல்லமை குறைவதில்லை. அவை முடிந்தால்தான் அது குறைந்துபோகும். தமக்குச் சித்தமானதைச் செய்கிறவர், தமக்குச் சித்தமில்லாத எதற்கும் ஆளாகாதவர் என்பதால்தான் அவர் சர்வவல்லவர். சங்கீதம் 115:3-ம் அப்படித்தான் சொல்கிறது: "தமக்குச் சித்தமான யாவையும் செய்கிறார்." யாராவது எந்த வாக்கியத்தைச் சொன்னாலும் அதைச் செய்து காட்டுகிறார் என்று அங்கே இல்லை.

11-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் அன்செல்ம் இதை இன்னும் கூர்மையாக்கினார். பொய் சொல்ல "முடியும்", கெட்டுப்போக "முடியும்" என்றெல்லாம் நாம் பேசுகிறோம். ஆனால் அந்த "முடியும்" ஒரு பலத்தைக் குறிப்பதில்லை. ஒருவன் கெட்டுப்போக எவ்வளவு இடம் கொடுக்கிறானோ, அவ்வளவுக்குத் தீமைக்கு அவன்மேல் பிடி இருக்கிறது. தடுக்கி விழ முடிவதைக் காலின் பலம் என்று யாரும் சொல்வதில்லையே. பேச்சில் "முடியும்" என்று வருகிற இடமெல்லாம் வல்லமை இருப்பதாக எண்ணுவதுதான் இங்கே நடக்கிற பிழை.

இந்த "முடியாது"களை நாம் வெட்கத்தோடு மூலையில் தள்ள வேண்டியதில்லை. எனக்குச் சர்வவல்லமை உபதேசத்திலேயே மிக அருமையான பகுதி இதுதான். எபிரெயர் 6:13 முதல் 18 வரை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். ஆபிரகாமுக்கு வாக்குத்தத்தம் கொடுக்கப்படுகிறது. ஆணையிட தம்மிலும் பெரியவர் இல்லாததால் தேவன் தம்மைக்கொண்டே ஆணையிடுகிறார். வாக்குத்தத்தம் ஒன்று, ஆணை ஒன்று. இந்த இரண்டிலும் தேவன் பொய்யுரைக்க முடியாது, ஆகவே அடைக்கலம் தேடி ஓடிவந்த நமக்கு நிறைந்த ஆறுதல் உண்டு என்று முடிகிறது வாதம். அந்த ஆறுதல் எதன்மேல் கட்டப்பட்டிருக்கிறது பாருங்கள்: அவரால் முடியாத ஒன்றின்மேல். பொய் சொல்லவும் வல்ல ஒரு சர்வவல்லவர் நமக்கு என்ன வாக்குக் கொடுத்தாலும் அதை நம்பிப் படுத்துத் தூங்க முடியாது. அவருடைய பலம் கூடக்கூட நம்முடைய பயம்தான் கூடும்.

அடுத்த வகை "முடியாது" வேறு மாதிரியானது. இது அவருடைய குணத்தைப் பற்றியதல்ல, அர்த்தமில்லாத பேச்சைப் பற்றியது. மூன்று பக்கமுள்ள வட்டம், மணமான பிரம்மச்சாரி, தூக்க முடியாத கல். 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலின் முதல் பகுதி 25-ஆம் கேள்வி முழுவதையும் தேவனுடைய வல்லமைக்கே ஒதுக்கியிருக்கிறார். அதில் 3-ஆம் பிரிவு இதைப் பற்றியது. தனக்குள் முரண்படாத எல்லாம் தேவனுடைய வல்லமைக்குள் அடங்கும். முரண்படுவது அடங்காது, ஏனென்றால் அது ஒரு "காரியம்" ஆகவே முடியாது. ஆகவே "தேவனால் அதைச் செய்ய முடியாது" என்பதைவிட "அது செய்யப்பட முடியாதது" என்று சொல்வதே பொருத்தம் என்கிறார். இந்தச் சின்ன மாற்றம் பெரிய வேலை செய்கிறது. வட்டத்துக்கு மூன்று பக்கம் என்று வாயால் சொல்லலாம், தாளில் எழுதலாம். ஆனால் அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஒரு பொருள் இல்லை. பொருளே இல்லாததைச் செய்யவில்லை என்று யாரையும் குறை சொல்ல முடியாது.

கல் புதிரையும் இதே வழியில் பிரிக்கலாம். "தன்னால் தூக்க முடியாத கல்லை தேவன் படைக்க முடியுமா?" மனிதனைப் பார்த்துக் கேட்டால் இது நியாயமான கேள்வி. தான் தூக்க முடியாத பாரத்தை எத்தனையோ பேர் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். தேவனைப் பார்த்துக் கேட்கும்போது "தன்னால்" என்ற இடத்தில் அவர் யாரோ அதை வைத்துப் படிக்க வேண்டும்: "எதையும் தூக்க வல்லவர் தூக்க முடியாத கல்." இப்போது அது மூன்று பக்க வட்டத்தின் அக்காள் தங்கைதான். 1963-இல் ஜார்ஜ் மாவ்ரோடஸ் என்ற மெய்யியலாளர் ஏறக்குறைய இந்த விடையைத்தான் ஒரு சிறு கட்டுரையில் கொடுத்தார். வாலிபர் கூடுகையில் இந்தக் கேள்வி வந்தால் கோபப்படவோ "அப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்று அடக்கவோ வேண்டாம். வாக்கியத்தைப் பிரித்துக் காட்டினால் போதும். ஐந்து நிமிட வேலை.

முரண்பாட்டையும் தேவன் மெய்யாக்க முடியும் என்று சொல்லி அவரை இன்னும் உயர்த்தலாமே என்று சிலருக்குத் தோன்றும். பிரெஞ்சு மெய்யியலாளர் டெக்கார்ட் 1630-இல் எழுதிய கடிதங்களில் கிட்டத்தட்ட அங்கே போனார். கணிதத்தின் நித்திய உண்மைகளும் தேவன் தம் விருப்பப்படி நிறுவியவையே, ஒரு ராஜா தன் நாட்டில் சட்டம் போடுவதுபோல என்றார். பக்தியாகத் தோன்றினாலும் இது ஆபத்தான பக்தி. உண்டும் இல்லையும் ஒரே நேரத்தில் ஒரே அர்த்தத்தில் மெய்யாகலாம் என்றால், "உன்னைக் கைவிடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கைவிடுவதும் கைவிடாததும் ஒன்றாகிவிடும். வாக்குத்தத்தம் என்ற சொல்லுக்கே பொருள் போய்விடுகிறது. தேவனை உயர்த்துவதாக நினைத்து, அவர் பேசியதையெல்லாம் இழந்துவிடுவோம்.

இங்கே ஒரு கடினமான கேள்வி உண்டு: நடந்ததை நடக்காததாக்க தேவனால் முடியுமா? இதன் வரலாறு சுவையானது. 4-ஆம் நூற்றாண்டில் வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம், யூஸ்டோகியம் என்ற கன்னிகைக்கு எழுதிய கடிதத்தில், தேவன் எல்லாவற்றையும் செய்ய வல்லவரானாலும் கன்னிமை இழந்தவளை மறுபடி கன்னிகையாக எழுப்ப முடியாது என்று எழுதிவிட்டார். 11-ஆம் நூற்றாண்டில் மொந்தே கசினோ மடத்தின் தலைவர் டெசிடேரியஸும் கர்தினால் பீட்டர் டேமியனும் சாப்பாட்டு மேசையில் இதைப் பற்றிப் பேசினார்கள். டெசிடேரியஸ் ஜெரோம் பக்கம் நின்றார். டேமியன் ஒத்துக்கொள்ளவில்லை, பிறகு நீண்ட கடிதமாகவே தன் மறுப்பை எழுதினார். தேவனால் அவளைச் சீர்ப்படுத்த முடியும் என்பது அவர் வாதம். தேவனுடைய நித்தியத்தில் நேற்று இன்று என்ற பிரிவு இல்லை என்று சொல்லி, கடந்த காலத்தைப் பற்றியும் மிகத் துணிச்சலாகப் பேசினார்; எவ்வளவு தூரம் போனார் என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. அக்குவினாஸ் இரண்டையும் பிரித்துவைத்தார். உடலிலும் மனதிலும் ஏற்பட்ட கேடு முழுவதையும் தேவன் நீக்க முடியும். ஆனால் அது ஒருகாலத்தில் நேர்ந்தது என்ற உண்மையை நீக்குவது முரண்பாடு.

ஏட்டுச் சண்டை போலத் தெரியும் இது, பாவ அறிக்கை செய்ய வருகிறவரோடு உட்காரும்போது நேரடியாக உதவுகிறது. "நான் செய்ததை தேவன் இல்லாமல் ஆக்கிவிடுவாரா?" என்று கேட்பவருக்கு ஆமென்று சொல்வது பொய். மன்னிப்பு நடந்ததை அழிப்பதில்லை. நடந்ததின் குற்றத்தையும் ஆட்சியையும் நீக்குகிறது. பேதுரு மூன்று முறை மறுதலித்தது நான்கு சுவிசேஷங்களிலும் இன்னும் இருக்கிறது. உயிர்த்தெழுந்த கர்த்தருடைய கைகளில் ஆணிகளின் அடையாளம் இருந்ததாலேயே தோமா தொட்டுப் பார்க்க அழைக்கப்பட முடிந்தது. யோவான் 20:27-ஐ இந்தக் கேள்வியோடு சேர்த்துப் படித்தால், கடந்த காலத்தைத் தொலைக்காமலே தேவன் அதை வெல்கிறார் என்பது தெரியும்.

இனி, முடியும் ஆனால் செய்யவில்லை என்ற பகுதி. சுவிசேஷத்திலேயே இதற்கு இடங்கள் உண்டு. யோவான் ஸ்நானன் மத்தேயு 3:9-இல், இந்தக் கல்லுகளினாலே ஆபிரகாமுக்குப் பிள்ளைகளை உண்டுபண்ண தேவன் வல்லவர் என்கிறார். எந்தக் கல்லும் பிள்ளையாகவில்லை. மத்தேயு 26:53-இல் பன்னிரண்டு லேகியோனுக்கு (ரோமப் படைப்பிரிவுக்கு) அதிகமான தூதரைப் பிதா அனுப்புவார் என்று இயேசு சொல்கிறார். ஒரு தூதனும் வாளோடு வரவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் அபெலார்ட், தேவன் தாம் செய்வதைத் தவிர வேறெதையும் செய்ய முடியாது என்ற கருத்துக்காகக் கண்டிக்கப்பட்டார். அவருடைய காரணம் பக்தியானதுதான்: தேவன் எப்போதும் மிக நல்லதையே செய்கிறார், ஆகவே மாற்று வழி இல்லை. ஆனால் அப்படிச் சொன்னால் கிருபை கிருபையாக இருக்காது. சூரியன் ஒளி வீசுவதுபோல வேறு வழியின்றி நடப்பதாகிவிடும். மேற்சொன்ன இரண்டு வசனங்களுக்கும் பொருள் இருக்காது.

இதிலிருந்துதான் இடைக்கால ஆசிரியர்கள் ஒரு பாகுபாட்டை வளர்த்தார்கள். தேவனுடைய வல்லமையை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தால் அவரால் கூடியவை அனைத்தும் ஒருபக்கம். அவர் உண்மையில் தீர்மானித்து, வாக்குரைத்து, நடத்துகிற ஒழுங்கு மறுபக்கம். இவை இரண்டு தனித்தனி வல்லமைகள் அல்ல, ஒரே வல்லமையைப் பார்க்கும் இரண்டு கோணங்கள் என்று 14-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் ஓக்காமின் வில்லியம் வலியுறுத்தினார். பிற்பாடு சிலர் முதலாவதை, தேவன் எப்போது வேண்டுமானாலும் தம் ஒழுங்கை உடைத்துக்கொண்டு பயன்படுத்தத் தயாராக வைத்திருக்கும் ஆயுதம்போலப் பேச ஆரம்பித்தார்கள். சீர்திருத்தவாதி கால்வின் அதைக் கடுமையாக மறுத்தார். தமக்குத் தாமே சட்டமாயிருக்கிற தேவனைச் சட்டமில்லாதவராக்காதே என்பது அவர் கருத்து. அந்த எச்சரிக்கை இன்றைக்கும் தேவை.

தேவனுடைய வல்லமையைப் பற்றிய இந்த விவாதத்தால் எதிர்பாராத ஒரு பக்க விளைவும் ஏற்பட்டது. 1277 மார்ச் 7-ஆம் தேதி பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்பியே 219 கருத்துகளைத் தடை செய்தார். தேவனால் பல உலகங்களைப் படைக்க முடியாது என்பதும், வெற்றிடம் உண்டாகிவிடும் என்பதால் வானத்தை அவரால் நேர்கோட்டில் நகர்த்த முடியாது என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. அரிஸ்டாட்டிலின் இயற்பியல் தேவனுக்கு எல்லை போடக்கூடாது என்பதுதான் பிரச்சினை. தடைக்குப் பிறகு, அரிஸ்டாட்டில் முடியாது என்று சொன்னவற்றை "ஒருவேளை இருந்தால்" என்று யோசித்துப் பார்க்கும் வழக்கம் அறிஞர்களிடையே பெருகியது. அறிவியல் வளர்ச்சியில் இதற்கு எவ்வளவு பங்கு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

சபையில் நாம் அடிக்கடி கேட்கும் வசனங்களுக்கு வருகிறேன். இங்கேதான் தவறு அதிகம், தவறின் விலையும் அதிகம்.

"உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை." எரேமியா 32:17. நாள்காட்டியிலும் சுவரிலும் இது தனியாகத் தொங்கும். அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படியுங்கள். சிதேக்கியா ராஜாவின் பத்தாம் வருஷம். பாபிலோன் ராஜாவின் சேனை எருசலேமை முற்றிக்கை போட்டிருக்கிறது. எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறான்; அவனை அடைத்தவன் பகைவன் அல்ல, சொந்த ராஜா. அந்த நேரத்தில் பெரிய தகப்பன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். விழப்போகிற நாட்டில் நிலம். எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறான், பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறான், சாட்சிகளை வைக்கிறான். முத்திரை போட்டதும் திறந்ததுமான இரண்டு பத்திரங்களையும் அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லி தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுக்கிறான். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஜெபம் பண்ணுகிறான். 17-ஆம் வசனம் அந்த ஜெபத்தில் வருகிறது.

ஜெபத்துக்கு என்ன பதில் கிடைத்தது? 27-ஆம் வசனத்தில் கர்த்தர் அதே சொற்களைத் திருப்பிக் கேட்கிறார்: "என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுண்டோ?" அடுத்த வசனத்திலேயே, இந்த நகரத்தைக் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் ஒப்புக்கொடுக்கிறேன் என்கிறார். முற்றிக்கை விலகவில்லை. நகரம் விழுந்தது, தேவாலயம் எரிந்தது. பிறகு அதே அதிகாரத்தின் கடைசி வரிகளில், இந்தத் தேசத்தில் மறுபடி நிலங்கள் விலைக்கு வாங்கப்படும், பத்திரங்கள் எழுதப்படும் என்ற வாக்கு. தேவனால் கூடாதது ஒன்றுமில்லை என்ற உறுதி, எரேமியா பயந்த காரியத்தைத் தடுக்கவில்லை. அதன் ஊடாகவும் அப்பாலும் போனது. இந்த வசனத்தைத் தனியே வெட்டி, "உங்கள் முற்றிக்கை நாளைக்கே விலகும்" என்று பிரசங்கிப்பது அதிகாரம் சொல்வதற்கு நேர்மாறானது.

"தேவனாலே எல்லாம் கூடும்" என்ற மத்தேயு 19:26-க்கும் இதே கதி. செல்வம் வேண்டும் என்று ஜெபிக்கும் கூட்டங்களில் இது முழங்குகிறது. ஐசுவரியமுள்ள வாலிபன் துக்கமாய்ப் போய்விட்டான். ஐசுவரியவான் பரலோகராஜ்யத்தில் பிரவேசிப்பது அரிது, ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது அதைவிட எளிது என்று கர்த்தர் சொன்னார். அப்படியானால் யார் இரட்சிக்கப்படக்கூடும் என்று சீஷர்கள் ஆச்சரியப்பட்டார்கள். அதற்குத்தான் இந்த விடை. பணத்தின் பிடியிலிருந்து ஒரு மனிதனை விடுவிக்க தேவனால் கூடும் என்பதே அங்கே பொருள். பிலிப்பியர் 4:13-ம் அப்படியே: "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று சொன்னவர், அதற்கு முந்தின வசனத்தில் பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

வசனத்தைக் கையில் எடுக்கும்போது மூன்றைக் கலக்காமல் வைத்துக்கொள்ளப் பழக வேண்டும். தேவனால் முடிவது ஒன்று. தேவன் வாக்குக் கொடுத்தது இன்னொன்று. இந்த விஷயத்தில், இந்த ஆளுக்கு, இந்த நாளில் அவருடைய சித்தம் என்ன என்பது மூன்றாவது. முதலாவதில் நமக்குச் சந்தேகமே தேவையில்லை. இரண்டாவதை வேதத்தில் தேடி, யாருக்கு, எதைப் பற்றி, எந்த நிபந்தனையோடு என்று பார்த்து உறுதி செய்யலாம். மூன்றாவது பெரும்பாலும் நமக்கு மறைந்திருக்கிறது. "முடியும்" என்பதிலிருந்து நேராக "செய்வார்" என்று குதிப்பவர் முதலாவதிலிருந்து மூன்றாவதுக்குத் தாவுகிறார். காரியம் நடக்காதபோது, "உன் விசுவாசம் போதவில்லை" என்று நோயாளியின் தலையில் பழியைப் போட வேண்டிய நிலை வருகிறது. இதைவிடக் கொடுமையான போதனை எனக்குத் தெரியவில்லை.

மாற்கு சுவிசேஷத்தில் இரண்டு பேர் இயேசுவிடம் வருகிறார்கள். முதலாம் அதிகாரத்தில் குஷ்டரோகி: "உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்." வல்லமையில் அவனுக்குச் சந்தேகமில்லை, சித்தத்தில்தான் தெரியவில்லை. ஒன்பதாம் அதிகாரத்தில் பேய்பிடித்த பையனின் தகப்பன்: "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்." இவனுக்கு வல்லமையிலேயே சந்தேகம். கர்த்தர் திருத்தியது இரண்டாமவனுடைய "கூடுமானால்" என்பதை. முதலாமவனுடைய "சித்தமானால்" என்பதை அவர் கண்டிக்கவில்லை. "எனக்குச் சித்தமுண்டு" என்று சொல்லி அவனைத் தொட்டார். "சித்தமானால் என்று சேர்த்து ஜெபிப்பது அவிசுவாசம்" என்று கற்பிக்கிறவர்கள் இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். கெத்செமனேயையும் பார்க்கட்டும். மாற்கு 14:36-இல் "எல்லாம் உம்மாலே கூடும்" என்பதும் "என் சித்தத்தின்படியல்ல" என்பதும் ஒரே ஜெபத்தில் வருகின்றன, சொல்கிறவர் குமாரன்.

அப்போஸ்தலர் 12 இதை மறைக்காமல் காட்டுகிறது. இரண்டாம் வசனத்தில் ஏரோது, யோவானுடைய சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தினாலே கொலை செய்கிறான். பிறகு பேதுருவைப் பிடிக்கிறான். நாலு பேர் கொண்ட நான்கு வகுப்பு, மொத்தம் பதினாறு போர்ச்சேவகர் காவல். தூதன் வந்து பேதுருவை வெளியே கொண்டுபோகிறான். ஒரே அதிகாரம், ஒரே ராஜா, ஒரே சபை. யாக்கோபுக்கு ஏன் தூதன் வரவில்லை என்று லூக்கா விளக்கவில்லை, நாமும் அங்கே ஒரு விளக்கத்தை நுழைக்கக்கூடாது.

கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலையும் விடக்கூடாது. இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதில்லை என்கிறது சங்கீதம் 121. மாற்கு 4:38-இல் இயேசு படகின் பின்னணியத்தில் தலையணையை வைத்து நித்திரையாயிருக்கிறார். எழுந்தவுடன் காற்றை அதட்டுகிறார், கடல் அமைதியாகிறது. தூங்குகிறவரும் கடலை அடக்குகிறவரும் ஒருவரே. 451-இல் கல்கெதோன் சங்கம் இதற்கு வரம்பு கட்டியது: ஒரே நபர், தெய்வீகம் மனிதம் என இரண்டு இயல்புகள், ஒன்றோடொன்று கலக்காமலும் பிரியாமலும். ஆகவே "தேவகுமாரன் மரித்தார்" என்று சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும். மரித்தது அவருடைய மனித இயல்பின்படி. "தேவத்துவம் செத்துப்போனது" என்று சொல்லக்கூடாது.

19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய இறையியலாளர் தோமாசியஸ் வேறு வழி பார்த்தார். குமாரன் மனிதனானபோது சர்வவல்லமை, எல்லாம் அறிதல், எங்கும் இருத்தல் ஆகியவற்றைக் கழற்றிவைத்தார், அன்பையும் பரிசுத்தத்தையும் வைத்துக்கொண்டார் என்றார். பிலிப்பியர் 2:7-இன் "தம்மைத்தாமே வெறுமையாக்கி" என்பதற்கு இது எளிய விளக்கமாகத் தோன்றும். ஆனால் எபிரெயர் 1:3 குமாரன் சர்வத்தையும் தம்முடைய வல்லமையுள்ள வசனத்தினாலே தாங்குகிறார் என்கிறது. தொழுவத்தில் கிடந்த நாட்களில் அதை யார் தாங்கினார்கள்? பிலிப்பியர் 2-இல் வரும் அந்தப் பாட்டு தானே அடிமையின் ரூபமெடுத்தலைச் சொல்லித்தான் வெறுமையாக்குதலை விளக்குகிறது. எதையோ இழந்ததாக அல்ல, எடுத்துக்கொண்டதாக. எடுத்துக்கொண்ட பலவீனத்தில் மெய்யாகவே களைத்து, மெய்யாகவே மரித்தார். சிலுவை, வல்லமை இல்லாமற்போன இடமென்று பவுல் நினைக்கவில்லை. 1 கொரிந்தியர் 1-இல் சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவையே "தேவபெலன்" என்கிறார்.

தீமையைப் பற்றிய கேள்விக்குத் தனிக் கட்டுரையே வேண்டும். இங்கே சுருக்கமாக. தேவன் நல்லவர், சர்வவல்லவர், ஆனாலும் தீமை உண்டு என்ற மூன்றும் சேர்ந்து நிற்க முடியாது என்று 1955-இல் மெய்யியலாளர் ஜே. எல். மேக்கி வாதிட்டார். கிறிஸ்தவ மெய்யியலாளர் ஆல்வின் பிளாண்டிங்கா 1970-களில் அதற்குக் கொடுத்த விடை, மேலே பார்த்த முரண்பாட்டுக் கருத்தின்மேல்தான் நிற்கிறது. ஒருவன் சுயாதீனமாகவே நல்லதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதே நேரத்தில் அப்படித் தேர்ந்தெடுக்கும்படி அவன் கட்டாயப்படுத்தப்படவும் வேண்டும் என்பது முரண். ஆகவே சுயாதீனமான மனிதர்கள் உள்ள உலகில் தீமையே இராதபடி பார்த்துக்கொள்வது தேவனுடைய கையில் மட்டும் இல்லாதிருக்கக்கூடும். மூன்றும் சேர்ந்து நிற்க முடியாது என்ற வாதத்தை இது பலவீனப்படுத்தியது என்று எதிர்த்தரப்பிலும் பலர் ஏற்றார்கள். கவனியுங்கள்: இது "முரண்பாடு இல்லை" என்று மட்டுமே காட்டுகிறது. பூமியதிர்ச்சிக்கும் குழந்தையின் புற்றுநோய்க்கும் காரணம் சொல்வதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இந்த வாதத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர் யோபுவின் மூன்று சிநேகிதரோடு உட்கார்ந்திருக்கிறார்.

சிக்கலைத் தீர்க்க, சர்வவல்லமையையே விட்டுவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. அமெரிக்க மெய்யியலாளர் சார்ல்ஸ் ஹார்ட்ஷார்னும் அவரைப் பின்பற்றுகிறவர்களும் தேவன் வற்புறுத்துவதில்லை, இணங்கவைக்க முயல்கிறார், முடிவு அவர் கையில் இல்லை என்கிறார்கள். துன்பப்படுகிறவனோடு சேர்ந்து துன்பப்படும் தேவன் என்று கேட்க இதமாக இருக்கும். ஆனால் மரித்தோரை எழுப்ப வேண்டிய நாளில் அவர் யாரை இணங்கவைப்பார்? பிணத்தையா? ரோமர் 4:17-இன் ஆபிரகாம் விசுவாசித்தது, மரித்தோரை உயிர்ப்பித்து, இல்லாதவைகளை இருக்கிறவைகளைப்போல் அழைக்கிற தேவனை. அதை விட்டுக்கொடுத்தால் ஈஸ்டர் காலையில் பேச ஒன்றும் மிஞ்சாது.

ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பிள்ளை, "சாமியால முடியாதது ஏதாவது இருக்கா?" என்று கேட்டால், "ஒன்றுமே இல்லை" என்று பட்டென்று சொல்லி முடித்துவிடாதீர்கள். எட்டு வயதில் அது போதும். பதினைந்து வயதில் யாராவது கல் புதிரைச் சொன்னவுடன் உடைந்துவிடும். "இருக்கிறது. அவரால் பொய் சொல்ல முடியாது" என்று தொடங்குங்கள். ஏன் என்று பிள்ளை கேட்கும். தோற்றுப்போக முடியாது, தூங்கிப்போக முடியாது, கொடுத்த வாக்கை மறக்க முடியாது என்று இன்னும் சிலவற்றைப் பிள்ளையையே கண்டுபிடிக்க விடுங்கள். அதன் பிறகு லூக்கா 1:37-ஐ வாசியுங்கள், முந்தின வசனத்தோடு சேர்த்து: வயதுசென்ற எலிசபெத்துக்கு இது ஆறாம் மாதம், "தேவனாலே கூடாதகாரியம் ஒன்றுமில்லை." இரண்டையும் ஒரே வகுப்பில் சொல்லிக் கொடுங்கள். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.